பனியில் ஓடும் வண்டிக்கும் சூடு பிடிக்கும்

“அண்ணை, வெளியிலை மைனஸ் இருபத்தைஞ்சு. இதுக்குள்ளை எஞ்சின் எப்பிடிச் சூடாகும்?”

ஒன்ராறியோவின் வடக்கே ஏரிக்கரையில் வீடெடுத்துக் குளிர்காலத்தைக் கழிக்கும் நம்மவர்களில் ஸ்னோமொபைல் வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இந்த வண்டியைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கிவிடும். குளிருக்கென்றே செய்த வண்டி, குளிரிலேயே ஓடுகிறது, ஆகவே சூட்டைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பழுதுபார்க்கக் கழற்றி மேசையில் வைக்கும் சாமான்களைப் பாருங்கள்: நடுவில் ஓட்டை விழுந்த பிஸ்டன், கருகிய பெல்ட், உருகி வழிந்த பிளாஸ்டிக் பட்டை. மூன்றும் சூட்டினால் போனவை.

ரொறன்ரோவில் கார் நின்றுபோனால் இழுவை வண்டியைக் கூப்பிடலாம். உறைந்த ஏரிக்கு நடுவே, கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடத்தில் ஸ்னோமொபைல் நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. இந்த வண்டியின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. கியூபெக்கின் வால்கூர் ஊரில் 1907இல் பிறந்த மெக்கானிக் ஜோசப்-ஆர்மாண்ட் பொம்பார்டியே, 1934 குளிர்காலத்தில் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தார். பனி மூடிய சாலையில் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. 1937இல் ஏழு பேர் ஏறக்கூடிய பனி வாகனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒருவர், இருவர் ஏறி ஓட்டும் சிறிய ஸ்கீ-டூ 1959இல் வந்தது. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களுக்கு இன்று இது வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் இழுக்கவும் உதவும் அன்றாட வண்டி. ஆகவே பராமரிப்பில் தவறான நம்பிக்கைகள் இருப்பதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

“குளிர்காற்று எஞ்சினைக் காப்பாற்றும்”

உண்மை நேர்மாறானது. காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். 0 பாகையில் இருக்கும் காற்றைவிட மைனஸ் 30 பாகைக் காற்று ஏறத்தாழ 12 வீதம் அடர்த்தியானது. அதாவது ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் எஞ்சினுக்குள் கூடுதலான ஒட்சிசன் போகிறது. கார்ப்பரேட்டர் பூட்டிய பழைய வண்டிகளில் அதற்கேற்பப் பெற்றோல் தானாகக் கூடாது. பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் போகும். காற்று அதிகம், பெற்றோல் குறைவு. இப்படிப்பட்ட கலவை அதிகச் சூட்டோடு எரியும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலோடு போகும் எண்ணெய்தான் உள்ளே மசகு. பெற்றோலின் குளிர்ச்சிதான் பிஸ்டனின் தலைக்குப் பாதுகாப்பு. அது குறைந்ததும் அலுமினிய பிஸ்டன் உருகத் தொடங்கும்.

இதில் ஆபத்து என்னவென்றால், உருகுவதற்குச் சற்று முன்னர் வண்டி பெரும்பாலும் மிக நன்றாக இழுக்கும். ஓட்டுகிறவர் சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்துவார். கவனிக்க வேண்டிய அறிகுறி வேறு இடத்தில் இருக்கிறது: திராட்டிலை விட்ட பிறகும் எஞ்சினின் வேகம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் அதற்கு மேல் அழுத்தக் கூடாது.

கார்ப்பரேட்டர் வண்டிக்கு எந்த வெப்பநிலையில், எந்த உயரத்தில் எந்த எண் ஜெட் போட வேண்டும் என்ற அட்டவணை கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் மூடிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். மார்கழியில் மைனஸ் 5இல் சரியாக ஓடிய ஜெட், தையில் மைனஸ் 30க்கு ஆகாது. எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் புதிய வண்டிகள் காற்றின் வெப்பநிலையைப் பார்த்துத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆனாலும் அடைத்த பெற்றோல் வடிகட்டியையும், கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே வெடித்துக் காற்றுக் கசியும் ரப்பர் குழாயையும் எந்தக் கணினியாலும் சரிசெய்ய முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிஸ்டன் போய்விட்டதா, புதிதாக ஒன்றைப் போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிஸ்டன் தானாகப் போவதில்லை. எது அதைச் சுட்டது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஜெட்டா, வடிகட்டியா, காற்றுக் கசிவா, எண்ணெய்ப் பம்பா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் வரைக்கும் எஞ்சினை மூடக் கூடாது.

பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் பழக்கம் நல்லதுதான். ஆனால் வாசலில் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அது கறுப்பாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. வண்டி பாரம் இழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை நிறுத்தி, அந்த நிலையிலேயே பார்க்க வேண்டும். இளம் பழுப்பு நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் உடனே கலவையைப் பாருங்கள்.

“ஸ்டார்ட் பண்ணியதும் எடுத்துக்கொண்டு போகலாம்” / “அரை மணி நேரம் சூடாக்க வேண்டும்”

இரண்டு கட்சியும் பிழை. முதல் கட்சியால் வரும் சேதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மறக்காது. கழற்றிய பிஸ்டனைச் சுற்றித் திருப்பினால், பாவாடைப் பகுதியில் நான்கு இடங்களில், ஏறத்தாழ ஒரே இடைவெளியில், மேலிருந்து கீழாகச் சிராய்ப்புக் கோடுகள் ஓடியிருக்கும். மற்ற இடமெல்லாம் புதிது போலப் பளபளக்கும். எண்ணெய் இல்லாமல் போன பிஸ்டன் அப்படி இருக்காது, சுற்றிவர உரசியிருக்கும். இந்த நாலு மூலைக் கோடு ஒரேயொரு காரணத்தைத்தான் காட்டும்: பிஸ்டன் சூடாகிப் பெருத்துவிட்டது, சிலிண்டர் இன்னும் குளிர்ந்து சுருங்கியே இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் நெருப்புக்கு நேரே நிற்பதால் சில விநாடிகளிலேயே சூடாகும். சிலிண்டரைச் சுற்றி நிற்பது மைனஸ் 20இல் உறங்கிய குளிர்நீர் (கூலண்ட்). முதல் நிமிடத்திலேயே முழு வேகம் கொடுத்தால் இறுகாமல் என்ன செய்யும்?

இரண்டாவது கட்சி பிளக்கைக் கெடுக்கும். சும்மா ஓடும் டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் முழுதாக எரியாது, பிளக்கில் படியும், வெளியேற்ற வால்வுகளில் கரி ஒட்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பின்பக்கத்தைத் தாங்கியில் உயர்த்தி டிராக்கை (வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டையை) மெல்லச் சுற்றவிட்டு, பிறகு குறைந்த வேகத்தில் புறப்படுவதுதான் சரி. குளிர்நீரின் வெப்பநிலையைத் திரையில் காட்டும் வண்டியென்றால் 40 பாகையாவது தாண்டட்டும். சில புதிய வண்டிகளில் எஞ்சின் சூடாகும் வரைக்கும் கணினியே வேகத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும். அதைப் பழுதென்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு, அது பழுதில்லை.

கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு உள்ளே சூடாக்குவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை.

“பனி இல்லாவிட்டாலும் ஐஸ் போதும்”

ஒரு நல்ல பனிப்பாதையில் வண்டியை நிறுத்திக் குனிந்து, சீட்டுக்கு அடியில் டிராக் சுற்றும் குடைவைப் பாருங்கள். மேல் தகட்டோடு சேர்ந்து ஓர் அலுமினியப் பெட்டி நீளமாக ஓடும். நீர்க்குளிர்ச்சி எஞ்சினுள்ள பெரும்பாலான வண்டிகளுக்கு அதுதான் ரேடியேட்டர். காரில் இருப்பதுபோல் முன்னால் ஒன்று இருக்காது. டிராக் வாரி எறியும் பனித்தூள் அந்தப் பெட்டியில் பட்டு உருகும். உருகும்போது எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். டிராக்கின் உள்ளே இரண்டு தண்டவாளங்களின் அடியில் பூட்டிய பிளாஸ்டிக் சறுக்குப் பட்டைகளுக்கும் அதே பனிதான் மசகு. டிராக்கின் இரும்புக் கிளிப்புகள் அந்தப் பட்டைகளில் உரசியே சுற்றுகின்றன. இடையில் ஈரம் இருக்கும் வரைக்கும் வழுக்கும். ஈரம் போனால் பட்டை உருகி, கிளிப்பில் ஒட்டி, டிராக்கைப் பிடித்துக்கொள்ளும்.

வெறும் ஐஸ் வழுக்கும்தான். ஆனால் அதிலிருந்து தூள் எழும்பாது. பனி தூவாத கண்ணாடி போன்ற ஏரியில் பத்து நிமிடம் வேகமாகப் போனால் எச்சரிக்கை விளக்கு எரியும். தார் ரோட்டில் சொல்லவே வேண்டாம். இதற்கென்று தண்டவாளத்தில் பூட்டும் கம்பிச் சுரண்டிகள் உண்டு. ஐஸைக் கீறிப் பொடியாக்கி மேலே எறிவதுதான் அவற்றின் வேலை. விலை கூடியதல்ல. என்னைக் கேட்டால், ஏரியைக் கடக்கிறவர்களுக்கு இது அலங்காரமல்ல, கட்டாயம். விளக்கு எரிந்துவிட்டால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கையால் பனியை அள்ளி அந்தக் குடைவுக்குள் அடைத்து ஆறவிடுங்கள். ‘கரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தானே’ என்று ஓட்டாதீர்கள்.

டிராக்கை இறுக்கினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் சேரும். இறுகிய டிராக் சறுக்குப் பட்டையையும் பேரிங்கையும் சூடேற்றித் தின்னும், எஞ்சினின் சக்தியை விழுங்கும். தளர்ந்தால் பற்சக்கரம் வழுக்கித் தாவும். டிராக்கின் நடுவில் கையேடு சொல்லும் எடையைத் தொங்கவிட்டு எத்தனை மில்லிமீற்றர் தொய்கிறதென்று அளப்பது ஐந்து நிமிட வேலை.

பெல்ட்

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதையில் நிற்கும் வண்டிகளில் பல இதனால்தான் நிற்கின்றன. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடும் ஸ்கூட்டி பெப்புக்குள் கியருக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும் இருக்கின்றனவே, அதே முறைதான் இங்கும். இந்தக் கப்பிகளைக் கிளட்ச் என்பார்கள். முன் கிளட்ச் எஞ்சினோடு சுற்றும். வேகம் கூடும்போது உள்ளேயுள்ள எடைகள் விரிந்து, கப்பியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கி, பெல்ட்டைக் கவ்வும். வித்தியாசம், இங்கே அந்த ஒற்றைப் பெல்ட் நூறு, நூற்றைம்பது குதிரைவலுவைத் தாங்குகிறது.

பெல்ட் அறுந்தால் ‘மட்டமான பெல்ட்’ என்று திட்டிவிட்டு இன்னொன்றை மாட்டுவது வழக்கம். அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கியதுபோல் தேய்ந்து கருகியிருந்தால், வண்டி அசையாமல் நின்றபோது முன் கிளட்ச் மட்டும் அந்த இடத்திலேயே சுற்றிச் சுட்டிருக்கிறது. டிராக் ஐஸில் உறைந்திருந்தபோதோ, ஆழப் பனியில் புதைந்தபோதோ திராட்டிலை அழுத்திப் பிடித்ததன் அடையாளம் அது. பக்கவாட்டுகள் கண்ணாடிபோல் மினுங்கினால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் இரண்டு கிளட்சுகளும் நேர்கோட்டில் இல்லை, அல்லது எஞ்சினின் தாங்கு ரப்பர் தளர்ந்து எஞ்சின் நகர்கிறது.

புதிய பெல்ட்டுக்கு முதல் 50 கிலோமீற்றர் வரை முழு வேகம் கொடுக்காமல் பழக்க வேண்டும். புதைந்தால் இறங்கி, முன்னால் பனியை மிதித்துத் தடம் போட்டுவிட்டு எடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு கிளட்சுகளையும் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் சரி. ஒன்றில் மட்டும் கை வைக்க முடியவில்லையென்றால் அந்தப் பக்கம் பழுது இருக்கிறது. அறுந்த பெல்ட்டின் நூல் கிளட்சுக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டக் கூடாது.

கப்பித் தட்டில் எண்ணெயோ கிரீஸோ பூசினால் சத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பெல்ட் வழுக்கும். எச்சம் விடாத பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். பெல்ட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடலாம். மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது மிக ஆபத்து. அந்த வேகத்தில் அறுந்து தெறிக்கும் பெல்ட் எலும்பை முறிக்கும்.

எண்ணெயும் பெற்றோலும்

‘எண்ணெய் கூடினால் எஞ்சினுக்கு நல்லது’ என்ற எண்ணம் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய நம்மவர்களுக்கு ஊரிலிருந்தே கூட வந்தது. பெற்றோலில் கலந்து ஊற்றும் வண்டியில் எண்ணெயைக் கூட்டினால், அதே ஜெட் வழியே போகும் கலவையில் பெற்றோல் குறையும். அப்படியானால் நாம் மேலே பார்த்த சூட்டுக் கணக்கு திரும்ப வருகிறது. கூடவே கரியும் சேரும். எண்ணெய்க்குத் தனித் தாங்கி உள்ள வண்டியில், பெற்றோலிலும் கலப்பது பம்பைத் திறந்து பழுதுபார்த்த பிறகு குழாயில் காற்று வெளியேறும் வரைக்கும் செய்வது போன்ற தற்காலிக ஏற்பாடு மட்டுமே. படகு எஞ்சின் எண்ணெய் இதற்கு உதவாது. அது குளிர்ந்த தண்ணீரில் மிதமான சூட்டில் ஓடும் எஞ்சினுக்குச் செய்தது. கடும் குளிரிலும் மெல்லிய குழாயில் ஓடக்கூடிய, ஸ்னோமொபைலுக்கென்றே விற்கும் எண்ணெய்தான் வேண்டும்.

ஒக்டேன் எண் என்பது பெற்றோலின் பலம் அல்ல. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை. 87 கேட்கும் எஞ்சினுக்கு 94 ஊற்றினால் காசுதான் போகும். 91 கேட்கும் எஞ்சினுக்கு 87 ஊற்றினால் பிஸ்டன் போகும். 10 வீதம் எதனோல் கலந்த பெற்றோலுக்கு மேல் ‘குளிருக்கு நல்லது’ என்று மெதைல் ஹைட்ரேட் போத்தலையும் ஊற்றுகிறார்கள். ஈரத்தை உறிஞ்ச அந்தப் பெற்றோலில் ஏற்கெனவே அல்ககோல் இருக்கிறது. மேலும் சேர்ப்பது ரப்பர் குழாய்களைத்தான் அரிக்கும். தாங்கியை நிரப்பி வைத்தால் ஈரம் சேரவே இடம் குறைவு.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

முதலில் கைப்பிடியில் உள்ள சிவப்புச் சுவிட்ச், உடலோடு கட்டும் பாதுகாப்புக் கயிறு, பெற்றோல் திறப்பு. இந்த மூன்றையும் பார்க்காமல் கவசத்தைக் கழற்றாதீர்கள். பிறகு பெற்றோல் வருகிறதா, பொறி வருகிறதா, அமுக்கம் இரண்டு சிலிண்டரிலும் சமமாக இருக்கிறதா என்ற வரிசை.

ஈதர் ஸ்ப்ரே அடித்தால் எழும்பும் என்பது உண்மை. எழும்பியதும் நடப்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஈதர் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். டூ-ஸ்ட்ரோக்குக்கு உள்ளே வேறு மசகே கிடையாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பிய அனுபவம் நம் பலருக்கு உண்டு. அந்த வழியே இங்கும் போதும்: எண்ணெய் கலந்த பெற்றோல் ஒரு சிறு கரண்டி, பிளக் துளை வழியாக.

குளிர் நிஜமாகவே குற்றவாளியாகும் இடங்களும் இருக்கின்றன. நேற்று ஓடியபோது புகுந்த பனித்தூள் எஞ்சின் சூட்டில் உருகி, இரவு திராட்டில் கம்பியிலும் கார்ப்பரேட்டரிலும் உறையும். ஆகவே ஸ்டார்ட் பண்ணுமுன் ஒவ்வொரு முறையும் திராட்டில் நெம்பை அமுக்கி விட்டுப் பாருங்கள், டக்கென்று திரும்பி வர வேண்டும். திறந்தபடி உறைந்திருந்தால் வண்டி நம்மை இழுத்துக்கொண்டு மரத்தில் மோதும். டிராக் நிலத்தோடு உறையாமலிருக்க இரவில் இரண்டு பலகைகளின் மேல் நிறுத்துங்கள். பற்றரியும் அப்படித்தான்: முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பற்றரி மைனஸ் 50இலும் உறையாது, இறங்கிப்போன பற்றரி மைனஸ் 10க்குக் கிட்டவே உறைந்து வெடிக்கும்.

“கோடையில் மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள்”

அக்கறையோடு சொல்லப்படும் மிகக் கெட்ட ஆலோசனை இது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். ஐந்து நிமிடம் ஓடி அணையும் எஞ்சின் அந்த ஆவியை வெளியே தள்ளும் அளவுக்குச் சூடாகாது. அது உள்ளேயே குளிர்ந்து, கிராங்க் பேரிங்கில் தண்ணீராக உட்காரும். அடுத்த மாதம் வரைக்கும் துருப்பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

பங்குனி முடிவில் ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டு மார்கழி வரை தொடாமல் விடுவதே சரி. ஸ்டெபிலைசர் என்னும் நிலைப்படுத்தித் திரவத்தைப் பெற்றோலில் கலந்து சில நிமிடம் ஓட்டி அது கார்ப்பரேட்டர் வரை போகட்டும். ஓடும்போதே காற்று நுழையும் வழியாகப் பாதுகாப்பு எண்ணெயைத் தெளித்து, அடர்ந்த புகை வந்ததும் நிறுத்துங்கள். கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். செயின் பெட்டியின் எண்ணெயை மாற்றும்போது அடியிலுள்ள காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள்: சாம்பல் நிறக் களிம்பு வழக்கமானது, ஊசி ஊசியாக இரும்புத் துண்டுகள் இருந்தால் செயினோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது. சஸ்பென்ஷனின் ஒவ்வொரு கிரீஸ் முனையிலும் பழைய தண்ணீர் பிதுங்கி வெளியேறும் வரை கிரீஸ் அடியுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி டிராக் நிலத்தில் படாமல் வையுங்கள்.

எலிகளுக்குக் காற்றுப் பெட்டிதான் பிடித்த வீடு. அவை கட்டிய கூடு ஒன்று போதும், காற்று வழி அடைபட்டு எஞ்சின் மூச்சுத் திணற. அவை கடித்த வயர் எங்கேயென்று தேடவே ஒரு நாள் போய்விடும். காற்று நுழையும் வாயையும் புகைக்குழாயையும் இரும்புக் கம்பளியால் அடைத்துவிட்டு, எவை எவை அடைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் பனி விழுந்த அன்று அவசரத்தில் ஸ்டார்ட் பண்ண வருகிறவர் வேறு யாராகவும் இருக்கலாம்.